மலையகத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர்: நீண்ட விமானப் பயணமும் முதல் நாளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா, பண்டாரவளை, பதுளை முதலிய இடங்களிலிருந்து, லண்டனிலோ டொரொண்டோவிலோ மெல்பேர்னிலோ வாழும் மகனையோ மகளையோ பார்ப்பதற்காக வயதான பெற்றோர் முதன்முறையாக விமானம் ஏறுகிறார்கள். அந்தப் பெற்றோரும், அவர்களை அழைக்கும் பிள்ளைகளும், இங்கிருந்து வழியனுப்பும் உறவினரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. "அங்கே யாராவது கூட்டிக்கொண்டு போவார்கள், நீங்கள் பேசாமல் போங்கள்" என்று சொல்லி அனுப்பப்படுகிறவர்களே வழியில் அதிகம் கலங்கிப்போகிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்தாலும், நிதானமாகப் போய்ச் சேருகிறார்கள். ஆகவே இந்தப் பதில்களைப் பெற்றோருக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

அப்பாவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. இது பயணத்துக்குத் தடையாகுமா?

தடையாகலாம், அதனால் இதை முதலில் கவனிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை படிப்படியாகவே குடியுரிமை பெற்ற சமூகம் நம்முடையது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலேயே பிறந்தவர்கள், பிறப்புப் பதிவு தாமதமானவர்கள், தோட்டப் பதிவேட்டில் யாரோ காதில் விழுந்தபடி எழுதிய பெயரையே ஆயுள் முழுவதும் சுமந்தவர்கள் நம் மூத்தோரில் பலர் இருக்கிறார்கள். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இந்த வேறுபாடுகளைத் திருத்திக்கொள்வது நல்லது. திருத்தத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் கண்டியிலும் இருப்பதால், எல்லோரும் தலைமை அலுவலகம் உள்ள பத்தரமுல்லைக்குப் போக வேண்டியதில்லை. கடவுச்சீட்டு கிடைத்த பின், அதில் உள்ள ஆங்கில எழுத்துகள் ஒன்றுகூட மாறாமல் விசா விண்ணப்பத்திலும் விமானச்சீட்டிலும் பயணக் காப்புறுதியிலும் இடம்பெற வேண்டும். வீட்டில் அழைக்கும் பெயரில் பிள்ளைகள் அவசரமாக இணையத்தில் சீட்டு எடுத்துவிடுவதுண்டு. அந்தப் பெயர் கடவுச்சீட்டோடு பொருந்தாவிட்டால், விமான நிலையத்தில் நிற்கப்போவது பெற்றோர்தான்.

பயணம் மொத்தம் எவ்வளவு நேரம்?

கொழும்பிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ 11 மணி நேரமும், மெல்பேர்னுக்கு அதைவிடச் சற்றுக் குறைவாகவும் ஆகும். டொரொண்டோவுக்கு நேரடி விமானம் இல்லை. டோஹா, டுபாய் போன்ற இடங்களில் இறங்கி மாற வேண்டும்; வளைகுடா வரை ஏறத்தாழ ஐந்து மணி, அங்கிருந்து சுமார் 14 மணி, நடுவே காத்திருப்பு என்று கணக்கிட்டால் ஒரு முழு நாள் கழிந்துவிடும். சில நூறு டொலரை மிச்சப்படுத்த இரண்டு இடங்களில் மாறும் சீட்டை வயதான பெற்றோருக்கு எடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அதேபோல், மாறும் இடத்தில் ஒரு மணி நேரமே இருக்கும் சீட்டும் வேண்டாம்; மூன்று மணி நேரமாவது இருந்தால் நடையிலும் வரிசையிலும் பதற்றம் இராது.

வீட்டிலிருந்து எப்போது புறப்பட வேண்டும்?

முடிந்தால் விமானத்துக்கு முந்தின நாளே புறப்படுங்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாக விமான நிலையம் உள்ள கட்டுநாயக்கவுக்கு வேனில் நான்கைந்து மணி நேரத்துக்குக் குறையாது. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்களுக்கு இன்னும் அதிகம். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடி மழையிலும் மண் சரிந்து பாதை அடைபடுவது நமக்குப் புதிதல்ல. அக்காலங்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே வேனுக்குச் சொல்லுங்கள். நீர்கொழும்பிலோ, வத்தளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து உறவினர் வீட்டிலோ ஓர் இரவு தங்கினால், வளைவுப் பாதையில் வந்த தலைச்சுற்றல் அடங்கி, குளித்துச் சாப்பிட்டு, விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பே நிலையத்தை அடையலாம்.

வழியனுப்புவதற்கு வேன் நிறைய ஆட்கள் போவது நம் வழக்கம். அதில் உள்ள அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் விடிய விடியப் பேசிக்கொண்டு, நித்திரையின்றி, அழுது களைத்து விமானம் ஏறுகிற அம்மாவுக்கு அடுத்த 24 மணி நேரம் மிகக் கடினமாகிவிடுகிறது. தோட்டத்து மாரியம்மன் கோவிலில் பூசை செய்து, லயத்து வாசலிலேயே எல்லோரும் விடைகொடுத்துவிட்டு, பொறுப்பான இருவர் மட்டும் கூடப் போவதே நல்லது.

ஆங்கிலமோ சிங்களமோ சரளமாகப் பேச வராத அம்மா தனியாகப் போக முடியுமா?

முடியும். சீட்டு எடுக்கும்போதே, தவறினால் 48 மணி நேரத்துக்கு முன்பாவது, வீல்செயார் உதவி வேண்டும் என்று விமான நிறுவனத்துக்கு அறிவியுங்கள். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பைகளை ஒப்படைக்கும் இடம் தொடங்கி, பாதுகாப்புச் சோதனை, விமான வாசல், மாறும் விமான நிலையம், இறங்கிய பின் குடிவரவு வரிசை, பைகள் வரும் இடம், வெளி வாசல் வரை ஓர் ஊழியர் கூடவே வருவார். "நான் நல்லாத்தானே நடக்கிறேன், எனக்கு எதற்கு வண்டி?" என்று மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த அம்மாக்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்பது நியாயமே. அது வழி தெரியாத பெரிய இடத்தில் வழிகாட்டியாகக் கிடைக்கும் உதவி என்று விளக்கிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். மாறும் நிலையத்தில், அழைத்துச் செல்ல ஆள் வரும்வரை சொன்ன இடத்தைவிட்டு எழுந்து போகக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

இதோடு, ஒரே தாளில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் பெயர், விமான எண்கள், சேரும் முகவரி, பிள்ளையின் தொலைபேசி எண், "தமிழ் மட்டுமே பேசுவார்" என்ற வரி, உள்ள நோய்கள், சாப்பிடும் மருந்துகள் ஆகியவற்றை அச்சிட்டுக் கடவுச்சீட்டோடு வையுங்கள். தொலைபேசியில் மட்டும் இருந்தால் மின்கலம் தீர்ந்ததும் பயனற்றுப்போகும்.

அவ்வளவு உயரத்தில் மூச்சு முட்டாதா? காது வலிக்காதா?

விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதைப் போலவே பேணப்படுகிறது. நுவரெலியா ஏறத்தாழ 6,100 அடி. பிதுருதலாகலை உச்சி 8,281 அடி. ஆகவே நுவரெலியாப் பக்கத்து மூத்தோர் வாழ்நாள் முழுவதும் சுவாசித்த காற்றைவிட விமானக் காற்று பெரிதும் மெலிந்ததல்ல. இதைச் சொன்னாலே பாதிப் பயம் தீரும். ஆனால் இருதய நோய், நுரையீரல் நோய், கடும் இரத்தச்சோகை உள்ளவர்களும், அண்மையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் பயணம் செய்யக் கூடாது.

காது அடைப்பதும், றம்பொடை வளைவுகளில் பஸ் கீழே இறங்கும்போது நமக்கு ஏற்படுகிற அதே அடைப்புத்தான். எச்சில் விழுங்கினாலும், கொட்டாவி விட்டாலும், இனிப்பு ஒன்றை வாயில் போட்டுச் சப்பினாலும் திறந்துகொள்ளும். விமானம் தரையிறங்கத் தொடங்கும்போது தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிட வேண்டும். கடும் தடிமன் இருந்தால் புறப்படும் முன் வைத்தியரைக் காண்பது நல்லது.

உண்மையில் மலைநாட்டாருக்குப் பழக்கமில்லாதது விமானத்தின் வறட்சி. மூடுபனியின் ஈரத்தில் வாழ்ந்தவர்களுக்கு மூக்கும் தொண்டையும் உதடும் காய்ந்துவிடும். கேட்காமல் தண்ணீர் தரமாட்டார்களோ என்று கூச்சப்பட்டுத் தாகத்தோடு இருந்துவிடுவார்கள். "வாட்டர்" என்ற ஒரு சொல் போதும் என்று சொல்லிக்கொடுங்கள்.

இத்தனை மணி நேரம் உட்கார்ந்தால் கால் வீங்குமே?

வீங்கும், பெரும்பாலும் ஓரிரு நாளில் வற்றிவிடும். கவனிக்க வேண்டியது, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருப்பதால் கால் நாளத்தில் இரத்தம் உறையும் அபாயத்தைத்தான். கூட்டத்தின் நடுவே எழுந்து மற்றவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைக்கிறவர்கள் நம் பெற்றோர். அதனால் நடைபாதை ஓரத்து இருக்கையை முன்கூட்டியே எடுத்துக்கொடுங்கள். விழித்திருக்கும்போது ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து சிறிது நடக்கவும், உட்கார்ந்தபடியே குதிகாலையும் முன்பாதத்தையும் மாறி மாறி உயர்த்தித் தாழ்த்தவும் வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். வைத்தியர் சொல்லாமல் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள். அது அசைவற்ற நேரத்தை நீட்டிவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலித்தால், அல்லது மூச்சு வாங்கினால், சேர்ந்த பிறகு சில வாரங்கள் கழித்தாக இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் என்ன செய்வது?

சைவ உணவையோ நீரிழிவுக்காரருக்கான உணவையோ முன்பதிவு செய்யலாம். குறைந்தது ஒரு நாளுக்கு முன் சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் சாப்பிடுவதற்குக் கையோடு ரொட்டியோ பிஸ்கட்டோ வைத்திருக்கலாம். கழிவறையைப் பற்றிப் பிள்ளைகள் பேசக் கூச்சப்படுகிறார்கள். ஆனால் போக அஞ்சித் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடும் பெற்றோர் இருக்கிறார்கள் என்பதால் வெளிப்படையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். கதவு நடுவில் மடிந்து திறக்கும். தாழ்ப்பாளைத் தள்ளினால்தான் விளக்கு முழுமையாக எரியும். பொத்தானை அழுத்தினால் பெரும் சத்தத்தோடு காற்று இழுக்கும், அது இயல்பானது. கால் கழுவுவதற்கெனத் தனித் தண்ணீர்க் குழாய் இராது, ஆகவே சிறிய வெற்றுப் போத்தல் ஒன்றைக் கைப்பையில் வைத்து, அங்கே கழுவுதொட்டியில் நிரப்பிக்கொள்ளலாம். வெற்றுப் போத்தலுக்குப் பாதுகாப்புச் சோதனையில் தடை இல்லை; திரவம் இருந்தால்தான் 100 மில்லிலீற்றர் என்ற எல்லை.

நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை எந்த நேரப்படி எடுப்பது?

மருந்துகள் அனைத்தும் கைப்பையில், மருந்தின் பெயர் தெரியும் உறையோடும், ஆங்கிலத்தில் எழுதிய வைத்தியர் சீட்டோடும் இருக்க வேண்டும். தோட்ட மருந்தகத்தில் வெள்ளைக் காகித உறையில் போட்டுத் தரும் மாத்திரைகளை அப்படியே கொண்டு போகாதீர்கள். இன்சுலினைப் பெரிய பையில் வைத்தால் உறைந்து கெட்டுவிடக்கூடும். மேற்கே பறக்கும்போது நாள் நீள்கிறது: குளிர்காலத்தில் டொரொண்டோவுக்குப் போகிறவருக்கு அந்த ஒரு நாள் 34 மணி நேரத்துக்கு மேல் இருக்கும். கிழக்கே மெல்பேர்னுக்குப் போனால் சுருங்கும். எனவே இன்சுலின் போடுகிறவர்கள், எத்தனை மணி நேர இடைவெளியில் எவ்வளவு என்பதைப் புறப்படும் முன்பே வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கனடாவிலும் பிரித்தானியாவிலும் பார்வையாளராக வருகிறவருக்கு வைத்தியசாலைச் செலவு மிகப் பெரியது. பயணக் காப்புறுதியைத் தவிர்க்காதீர்கள். பெற்றோரும் தாத்தா பாட்டியும் நீண்ட காலம் தங்குவதற்கான கனடாவின் சூப்பர் விசாவுக்கு ஒரு லட்சம் கனேடிய டொலருக்குக் குறையாத காப்புறுதி கட்டாயம்.

பையில் என்ன கொண்டு போகலாம்?

தேயிலையைக் கடையில் முத்திரையிட்ட பொதியாக வாங்கிக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் வேலை செய்யும் உறவினர் பொலித்தீன் பையில் கட்டித் தந்த தூளைவிட, பெயரும் எடையும் அச்சிட்ட பொதி சுங்கத்தில் எளிதாகப் போகும். மிளகாய்த்தூள், திருநீறு போன்ற தூள்களும் பெயர் எழுதிப் பெரிய பையில் இருக்கட்டும். கறிவேப்பிலை, வெற்றிலை, பூச்செடித் தண்டு, விதை, கோவில் மண் ஆகியவற்றை வைக்காதீர்கள். வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு, விமானத்தில் வாய்க்கு ஏலமும் கராம்பும் கொடுத்தனுப்பலாம். பிரித்தானியாவுக்கு இறைச்சியும் பாலில் செய்த உணவுகளும் ஆகாது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உணவு இருந்தால் "இருக்கிறது" என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த பொருளை மறுத்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அவுஸ்திரேலியாவில் மறைத்துக் கொண்டுபோனால் அபராதம் மட்டுமன்றி விசாவே ரத்தாகலாம். கொப்பரை தீப்பற்றக்கூடியது என்பதால் விமானத்துக்கு ஆகாது; பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

குடிவரவு அதிகாரி என்ன கேட்பார்?

யாரைப் பார்க்க வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள், எப்போது திரும்புவீர்கள் என்பவையே பெரும்பாலும் கேட்கப்படும். "தமிழ்" என்று சொன்னால் போதும். தேவையானால் மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்வார்கள். அழைப்புக் கடிதத்தையும் திரும்பும் சீட்டின் பிரதியையும் கையில் கொடுங்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தவர் அதையே சொல்லட்டும். அக்கம்பக்கத்தார் சொல்லிக்கொடுத்த புனைந்த பதில்கள்தான் தொல்லையைத் தரும். தோட்ட நிர்வாகியான துரையின் அலுவலகத்திலும் அரச அலுவலகங்களிலும் தலைகுனிந்து நிற்கப் பழகிய தலைமுறை அது. இங்கே நிமிர்ந்து, முகத்தைப் பார்த்து, உண்மையைச் சொன்னால் போதும் என்று அவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்தவுடன் தூங்க விடலாமா?

பகலில் வந்தால், அரை மணி நேரம் கண்ணயரலாம். அதற்கு மேல் வேண்டாம். குளிக்கச் செய்து, இளஞ்சூட்டில் சோறும் பருப்பும் ஒரு மரக்கறியும் கொடுத்து, வெளிச்சத்தில் சிறிது நடக்க அழைத்துச் சென்று, அங்குள்ள நேரப்படி இரவு எட்டு, ஒன்பது மணி வரை விழித்திருக்க உதவுங்கள். குளிர்காலத்தில் லண்டன் நேரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. காலை நாலரைக்கு எழுந்து பழகிய அம்மாவுக்கு அங்கே இரவு 11 மணிக்கே விழிப்பு வரும். டொரொண்டோவில் இரவும் பகலும் ஏறத்தாழத் தலைகீழாகிவிடும். அந்த நள்ளிரவில் எழுந்து, மற்றவர்களை எழுப்பக் கூடாது என்று இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். மெல்லிய விளக்கு ஒன்றும், வெந்நீர்க் குடுவையும், பிஸ்கட்டும் கட்டிலருகே வைத்துவிட்டு, எழுந்தால் தேத்தண்ணீர் போட்டுக் குடிக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். உடல் சீராக ஒரு மணி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும்.

அன்றே வீட்டில் எவற்றையெல்லாம் காட்டிவிட வேண்டும்?

சுடுநீர்க் குழாயை முதலில் காட்டுங்கள். அடுப்பில் காய்ச்சி வாளியில் கலந்து குளித்தவர்களுக்கு, திருப்பியவுடன் கொதிநீர் வருவது ஆபத்து. குளியல் தொட்டியில் வழுக்காத விரிப்பு வேண்டும். சாம்பிராணி, கற்பூரம், மிளகாய் தாளிக்கும் புகை ஆகியவற்றால் புகை எச்சரிக்கை மணி அலறக்கூடும்; காரணம் தெரியாத அம்மா, தான் வீட்டைக் கொளுத்திவிட்டதாகவே நடுங்கிப்போவார். சுவாமி விளக்கை எங்கே, எப்படி வைக்கலாம் என்று அன்றே பேசி முடிவு செய்யுங்கள். கனடாவில் வாகனங்கள் வலப்புறமாகப் போவதால், வீதியைக் கடக்கும்போது முதலில் இடப்புறம் பார்க்க வேண்டும். குளிரைப் பற்றி: ஜனவரியில் நுவரெலியாவின் உறைபனியைப் பார்த்தவர்களும் டொரொண்டோவின் குளிர்காலத்துக்குத் தயாரானவர்கள் அல்லர். தடித்த மேலாடை, காதை மூடும் தொப்பி, மூடிய சப்பாத்து ஆகியவற்றை விமான நிலையத்துக்கே கொண்டு வாருங்கள்.

முதல் நாளே உறவினர்களை அழைக்கலாமா?

வேண்டாம். முதல் நாளை முழுவதும் அந்த வீட்டாருக்காக மட்டும் ஒதுக்குங்கள். விருந்தை அடுத்த வாரம் வைக்கலாம். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசி ஒதுங்கி நின்றால், "தாத்தாவைக் கட்டிப்பிடி, அப்பாயிக்கு முத்தம் கொடு" என்று தள்ளாதீர்கள். பையைத் திறந்து பொருட்களை எடுத்து வைக்கும் வேலையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் பழக்கம் தானாக வரும். முடிந்தால் மகனோ மகளோ முதல் இரண்டு மூன்று நாட்களுக்காவது விடுமுறை எடுக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல காம்பராக்கள், சுவருக்கு அப்பால் எப்போதும் யாரோ பேசும் குரல், வாசலில் போகிறவர்கள் எல்லோரும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகும் வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள் அவர்கள். காலை எட்டு மணிக்கு எல்லோரும் போய்விட்ட பின், பூட்டிய வீட்டின் அமைதி அவர்களைச் சோர்வடையச் செய்யும்; அதைக் குறையாகச் சொல்லமாட்டார்கள். செய்வதற்கு உண்மையான வேலை ஒன்றைக் கொடுங்கள்: மதியக் கறி, பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, தோட்டத்தில் கீரைப்பாத்தி. "நீங்கள் சும்மா இருங்கள்" என்று சொல்வது அவர்களுக்கு ஓய்வைத் தருவதில்லை.

ஊரில் உள்ளவர்களோடு எப்போது பேசலாம்?

போய்ச் சேர்ந்த செய்தியை விமான நிலையத்திலிருந்தே வட்ஸ்அப்பில் பெற்றோரின் குரலில் அனுப்புங்கள்; இங்கே லயம் முழுவதும் அதற்காகக் காத்திருக்கும். பிறகு வழக்கமான நேரம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். டொரொண்டோவில் குளிர்காலத்தில் இரவு எட்டரை மணி என்றால் ஹட்டனில் மறுநாள் காலை ஏழு மணி. கோடையில் அதே ஏழு மணிக்கு அங்கே இரவு ஒன்பதரை. கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்கள் அதற்குள் புறப்பட்டுவிடுவார்கள் என்பதால், வேலை நாட்களில் சற்று முன்னதாகவும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறுதலாகவும் பேச ஏற்பாடு செய்யுங்கள்.